கோலிக்குண்டுக்கு எந்த ஊர்?

"அண்ணே, ஒரு பன்னீர் சோடா உடைங்க."

வேலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொன்னால், இங்கே எதுவும் உடைவதில்லை. கழுத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற கோலியைக் கட்டையால் ஒரு அழுத்து, "டப்" என்று ஒரு சத்தம், கோலி இறங்கி இடுக்கில் உட்காரும். அவ்வளவுதான். ஆனால் நிஜமாகவே உடைத்தவர்களும் உண்டு. காலி பாட்டில் கையில் கிடைத்தால் அதைக் கல்லில் ஒரு போடு போட்டு, உள்ளே இருக்கிற குண்டை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டு ஓடிய பையன்கள். தமிழ்நாட்டில் அந்த வயதைக் கடந்த ஆண்களில் பாதிப் பேர் இந்தக் குற்றத்தில் கூட்டாளிகள். இங்கிலாந்துப் பையன்களும் இதையேதான் செய்தார்கள் என்பது ஒரு ஆறுதல்!

அந்தக் குண்டுகள் இப்போது எங்கே? பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பரணில் கிடக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ, பிஸ்கட் டப்பாவிலோ, அறுந்த மணிமாலை, ஓட்டைக் காலணா, உடைந்த பேனா மூடி இவற்றோடு சேர்ந்து கிடக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது டப்பா வெளியே வரும். அந்தக் காலத்தில் மறுபடி பரணுக்கே போய்விடும். இப்போது பேரன் போனில் படம் எடுத்து, "இது எவ்வளவுக்குப் போகும்?" என்று இணையத்தில் கேட்கிறான்.

கேள்வியே தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை. விலை கேட்பது பாவம் என்று இல்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு இருக்கிறது. அதற்கு முன்னால் இந்தக் குண்டு சேகரிக்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். உண்மையிலேயே சுவாரசியமான விஷயம் அது.

வெளிநாட்டில் பழைய கோலிக்குண்டு சேகரிப்பது பெரிய பொழுதுபோக்கு. தபால்தலை, நாணயம் மாதிரி அதற்கும் புத்தகங்கள், கூட்டங்கள், ஏலங்கள் எல்லாம் உண்டு. அபூர்வமான சில குண்டுகள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. அவர்கள் ஒரு குண்டைக் கையில் எடுத்ததும் நிறத்தைப் பார்ப்பதில்லை. உருட்டி உருட்டி எதையோ தேடுவார்கள். தேடுவது ஒரு தழும்பை.

கதை ஜெர்மனியில் துரிங்கியா மலைப்பகுதியில் இருக்கும் லௌஷா என்ற ஊரில் ஆரம்பிக்கிறது. கண்ணாடிக்காரர்களின் ஊர் அது. 1840-களின் நடுவில் அங்கே கோலி வெட்டுவதற்கென்றே ஒரு கத்திரி புழக்கத்துக்கு வந்தது. ஒரு பக்கம் கிண்ணம் மாதிரி குழி, இன்னொரு பக்கம் வெட்டும் அலகு. வண்ண இழைகளை உள்ளே வைத்து, கண்ணாடியைச் சூட்டோடு கோலாக இழுத்து முறுக்குவார்கள். அந்தக் கோலின் நுனியைக் கிண்ணத்தில் வைத்து உருட்டி உருண்டையாக்கி, வெட்டி விடுவார்கள். அப்புறம் அடுத்த உருண்டை. கரும்பைத் துண்டு போடுகிற மாதிரிதான், ஆனால் நெருப்புக்கு முன்னால்.

வெட்டின இடத்தில் சொரசொரப்பாக ஒரு தழும்பு நிற்கும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பூமிக்கு இரண்டு துருவம் இருக்கிற மாதிரி. உள்ளே இருக்கும் வண்ண இழைகள் ஒரு துருவத்திலிருந்து கிளம்பி முறுக்கிக்கொண்டு அடுத்த துருவத்தில் போய் முடியும். இரண்டு தழும்பும் இந்த இழையோட்டமும் இருந்தால் அது கோலில் இருந்து வெட்டிய கைவேலைக் குண்டு. ஒரே ஒரு தழும்பு இருந்தால் தனித்தனியாகக் கம்பியில் எடுத்துச் செய்தது. சிலவற்றில் உள்ளே வெள்ளி மாதிரி மின்னும் களிமண் ஆடு, நாய், சிங்கம் எல்லாம் இருக்கும். சிலவற்றில் பொன்துகள் தூவின மாதிரி இருக்கும். அது பொன் இல்லை, கண்ணாடிக்குள் இருக்கும் செம்புத் துகள்.

இதிலே ஒரு வேடிக்கை. கறுப்புக் கண்ணாடி மேல் வண்ணப்பட்டை ஓடும் ஒருவகைக் குண்டுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'இந்தியன்'. நம்மூர்க் குண்டு என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். அதுவும் ஜெர்மன் சரக்குதான். உண்மையான இந்தியக் குண்டுக்கு அந்தப் புத்தகங்களில் கிடைக்கும் இடம் ரொம்பச் சின்னது. இந்தச் சோகத்துக்குப் பின்னால் வருவோம்.

அடுத்தது இயந்திரம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரான் நகரத்தில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் என்பவர் 1905-ல் ஒரு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பள்ளம் வெட்டிய உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். உருகிய கண்ணாடித் துளி நடுவில் விழுந்தால் உருண்டு உருண்டு தானாகவே கோளமாகிவிடும். ஆரம்பத்தில் கண்ணாடியை எடுத்து விடுவது மட்டும் மனிதன் கை. அதனால் அந்தக் காலத்துக் குண்டுகளில் ஒரு பக்கம் '9' மாதிரி ஒரு சுழியும் எதிர்ப்பக்கம் ஒரு வாலும் விழுந்திருக்கும். பிறகு அதே ஆக்ரானில் பிறந்த ஆக்ரோ அகேட் என்ற கம்பெனி 1914-ல் மேற்கு வர்ஜீனியாவுக்குக் குடிபோய் சந்தையைப் பிடித்தது. திருகாணி மாதிரி வண்ணம் சுற்றிவரும் குண்டு அவர்களுடைய அடையாளம். அதே நேரத்தில் முதல் உலகப்போர் வந்து ஜெர்மன் ஏற்றுமதியை முறித்துப் போட்டது. கைவேலைக் குண்டின் காலம் அத்தோடு கிட்டத்தட்ட முடிந்தது.

இயந்திரக் குண்டில் துருவத் தழும்பு கிடையாது. அதிகபட்சம் கண்ணாடித் துளி அறுபட்ட இடத்தில் மெல்லிய கோடு தெரியும். வண்ணம் துருவத்திலிருந்து துருவத்துக்கு ஒழுங்காக ஓடாமல் இஷ்டத்துக்கு வளையும்.

பரண் டப்பாக்களில் மிக அதிகமாகக் கிடைப்பது பூனைக்கண். தெளிந்த கண்ணாடிக்குள் இலை மாதிரி மஞ்சளோ நீலமோ பச்சையோ நிற்கும், எல்லாருக்கும் தெரிந்த குண்டு. இந்த வகை இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பானில் இருந்து கிளம்பி 1950-களில் உலகச் சந்தையை நிரப்பியது. அமெரிக்கக் கம்பெனிகளே அதைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டி வந்தது. ஆகவே, "எங்க கொள்ளுத்தாத்தா 1920-ல் விளையாடியது" என்று ஒருவர் பூனைக்கண்ணை நீட்டினால் மரியாதையாகச் சிரித்துவிட்டு வந்துவிடலாம். தாத்தா பொய் சொல்லியிருக்க மாட்டார். நடுவில் மாமா யாராவது டப்பாவில் கலந்திருப்பார் :-)

இன்னொரு எச்சரிக்கை. பழைய ஜெர்மன் பாணியில் இன்றைக்கும் கையால் குண்டு செய்கிறார்கள். அழகானவைதான். ஆனால் அதை 'பழசு' என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் விளையாடப்பட்ட பழைய குண்டின் மேல் நகக்கணு அளவுக்குச் சின்னச் சின்னப் பிறைகள் விழுந்திருக்கும். இன்னொரு குண்டு வந்து மோதிய அடி அது. நூறு வயது என்று சொல்லப்படும் குண்டு கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால், ஒன்று அது விளையாடப்படவே இல்லை, அல்லது மெருகு போட்டிருக்கிறார்கள், அல்லது போன வருடம் செய்தது. மூன்றில் முதலாவது ரொம்ப அபூர்வம்.

சரி, இத்தனை புத்தக அறிவையும் எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரத்தில் ஒரு டப்பாவைத் திறந்தால் என்ன ஆகும்? முக்கால்வாசி குண்டுக்கு எந்தப் பதிலும் கிடைக்காது. தழும்பு இல்லை, திருகாணி இல்லை, '9' இல்லை. பச்சை கலந்த நிறம், உள்ளே ரெண்டு மூன்று குமிழி, எந்த வண்ண இழையும் இல்லாத மொட்டைக் குண்டு. சேகரிப்பாளர் கூட்டத்தில் காட்டினால் "ஒன்றுமில்லை" என்று தள்ளிவிடுவார்கள்.

அந்த 'ஒன்றுமில்லை'தான் இந்த மாவட்டத்தின் குண்டு.

அது சோடா பாட்டிலில் இருந்து வந்தது. இங்கிலாந்துக்காரர் ஹைரம் காட் 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. 1872-ல் வடிவம் முழுமையானது. தக்கை கிடையாது. உள்ளே ஒரு கண்ணாடிக் குண்டு, வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாக வைத்து வாயு ஏற்றிய தண்ணீரை நிரப்பினால் குண்டு வாய்க்கு வந்து உட்காரும். உள்ளே இருக்கும் அழுத்தமே அதை ரப்பரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எத்தனை எளிமை பாருங்கள், திறப்பதற்கு விரல் போதும், மூடுவதற்கு சோடாவே போதும். இங்கிலாந்தில் உலோக மூடி வந்ததும் இது மறைந்தது. ஜப்பானில் 'ராமுனே' என்ற பெயரில் பிழைத்தது. இந்தியாவில் வடக்கே பண்ட்டா, தெற்கே கோலி சோடா.

வேலூரில் கண்ணுசாமி முதலியார் 1924-ல் கண்ணன் அண்ட் கோ-வை ஆரம்பித்தார். பன்னீர் சோடாவுக்கும் வேலூருக்கும் இருக்கும் பந்தம் அங்கிருந்து வருகிறது. அதற்கு எட்டு வருடம் முன்னால் 1916-ல் விருதுநகரில் காளிமார்க். பிறகு ஊருக்கு ஒரு சோடா கம்பெனி. கம்பெனி என்றால் என்ன, ஒரு ஓட்டு வீடு, ஒரு வாயு சிலிண்டர், கையால் சுற்றுகிற ஒரு இயந்திரம், மரப்பெட்டி கட்டிய சைக்கிள். பாட்டில் மட்டும் வெளியிலிருந்து வரவேண்டும். உத்தரப் பிரதேசத்தில் ஹாத்ரஸ் பக்கத்துச் சாஸ்னி போன்ற கண்ணாடி ஊர்களில் செய்து ரயிலிலும் லாரியிலும் வந்தது. திரும்பத் திரும்பக் கழுவி, நிரப்பி, ஒரு பாட்டில் எத்தனையோ வருடம் ஓடும்.

குண்டு பச்சையாக இருப்பதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. மணலில் இருக்கும் இரும்பு. அதை நீக்கச் செலவு செய்யாத மலிவுக் கண்ணாடி பச்சை கலந்துதான் வரும். அதாவது அந்த நிறம் ஒரு முகவரி. இது அலங்காரத்துக்குச் செய்தது இல்லை, வேலைக்குச் செய்தது என்று சொல்கிற முகவரி. வாயின் ரப்பரில் உட்கார்ந்து எழுந்து, கழுத்து இடுக்கில் ஆயிரம் தடவை முட்டி, மேலெல்லாம் ஒரே சீராகத் தேய்ந்து மங்கியிருக்கும். விளையாட்டுக் குண்டின் பிறைத் தழும்பும் இந்தத் தேய்மானமும் ஒன்றில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கிற குண்டு என்றால், அது முதலில் சோடாவில் உழைத்து, பிறகு ஒரு பையன் கையால் விடுதலையாகி, பேந்தா ஆடியிருக்கிறது! எந்த அமெரிக்கப் புத்தகத்திலும் இதற்குப் படம் கிடையாது.

இந்தத் தோல் பட்டறைப் பகுதிக்குக் கண்ணாடி உருளை வேறு வழியிலும் பழக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய பட்டறைகளுக்கு உலகமெங்கும் சரக்கு அனுப்பிய வரலாறு உண்டு. தோலுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேசிங் இயந்திரத்தில் கண்ணாடியாலோ அகேட் கல்லாலோ செய்த ஒரு வழவழப்பான உருளை இருக்கும். அது அழுத்தத்தோடு தோல் மேல் முன்னும் பின்னும் ஓடி ஓடி மினுக்கும். தேய்ந்துபோன அந்த உருளை பழைய இரும்புக் கடைக்குப் போனால் அது என்ன என்று இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? குண்டு, உருளை எல்லாம் ஒரே விதிதான். பயன் முடிந்தால் எடைக்கு.

இன்னும் பின்னால் போனால் இது நமக்குப் புதுசே இல்லை. அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அந்த இடம் கண்ணாடி மணி செய்த பெரிய பட்டறையாக இருந்தது என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். சூட்டோடு கண்ணாடியை நீளமாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுங்க வைத்துச் செய்த மணிகள் கிழக்கே கடல் தாண்டிப் போயின. இதே முறையில் ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் மணி செய்ததை ஆய்வாளர்கள் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். வேலூரிலிருந்து திருப்பதி தாண்டினால் வருகிற ஊர். இழுத்து நறுக்குவது என்ற யோசனை லௌஷாவுக்கு ஈராயிரம் வருடத்துக்கு முன்பே இந்தக் கரையில் இருந்தது. லௌஷாக்காரர்கள் இங்கிருந்து கற்றார்கள் என்று சொல்ல வரவில்லை, அப்படிக் கிளப்பிவிட வேண்டாம். இங்கே கண்ணாடிக்கு வரலாறு இல்லை என்ற நினைப்பு தப்பு, அவ்வளவுதான்.

வித்தியாசம் எங்கே என்றால், அவர்கள் எழுதி வைத்தார்கள். கையால் கண்ணாடி செய்யும் கலையை ஜெர்மனி உட்பட ஆறு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 2023 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றிவிட்டன. ஆக்ரானில் மூடிப்போன கம்பெனிகளின் இடத்தைத் தோண்டி, கழிவுக் குண்டுகளைப் பொறுக்கி, எந்த வருடம் எந்த வண்ணம் என்று பட்டியல் போட்டார்கள். இங்கே ஒரு சோடா கம்பெனி மூடினால் பாட்டில்கள் கண்ணாடி உடைசலாக எடைக்குப் போகும். எந்த ஊர்ப் பாட்டில், எந்தக் காலம் என்று கேட்க ஆள் இல்லை. பாட்டில் மேல் புடைப்பாக அச்சிட்ட பெயரைப் படித்துக் குறித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

"பத்து ரூபாய்க்குப் பை நிறைய கிடைக்கிற சாமானுக்கு இத்தனை பேச்சா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோலிக்குண்டு சிலப்பதிகாரம் இல்லை. ஆனால் மலிவான சாமான்தான் முதலில் காணாமல் போகும் என்பதும் உண்மை. வெள்ளிக் குத்துவிளக்கை யாரும் எறிவதில்லை. நூறு வருடம் கழித்து ஒரு ஊரின் பணக்காரர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி நிறைய இருக்கும். அந்த ஊர்ப் பையன்கள் மதியம் மூன்று மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு இந்தக் குண்டை விட்டால் வேறு சாட்சி இல்லை. குண்டோடு போகிற சொற்களும் அப்படித்தான். பேந்தா, குழி, தோற்றவன் முட்டியால் குண்டைத் தள்ளுவது... யாழ்ப்பாணத்தில் இதே குண்டு 'போளை'. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல் என்பார்கள்.

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே இருக்கும் நேரம் காட்டும் கல்லைப் பார்த்திருப்பார்கள். அரைவட்டக் கல், எண்கள் பொறித்திருக்கும். மேலே ஒரு குச்சியை வைத்தால் நிழல் மணி சொல்லும். மதிலைப் பார்க்கிறவர்கள் நூறு பேர் என்றால் இதைப் பார்க்கிறவர்கள் பத்துப் பேர், பரவாயில்லை. அந்தக் கல்லை யாராவது "பழைய பொருள்" என்று பெயர்த்துக்கொண்டு போய் சென்னையில் ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்தால் அது வெறும் கோடு போட்ட கல். இருக்கிற இடத்தில் இருப்பதால்தான் அது மணி சொல்கிறது.

கோலியை அதே இடத்தில் விட்டுவைக்க முடியாது, உண்மை. உருளுகிற சாமான் அது. ஆனால் அது கிடந்த இடத்தை எழுதி வைக்க முடியும். அதனால்தான் "எவ்வளவுக்குப் போகும்" என்பது தப்பான முதல் கேள்வி. "எங்கே கிடைத்தது, யார் வைத்திருந்தது, எதில் இருந்து எடுத்தது" என்பதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆட்கள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாத்தா டப்பாவைக் கழுவிப் பிரித்து நிறவாரியாக அடுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அத்தோடு தகவல் போய்விடும். ஒரு டப்பாவில் என்னென்ன சேர்ந்து கிடந்தது என்பதே தேதி சொல்லும். குண்டோடு காலணாவும் பூனைக்கண்ணும் கிடந்தால் அது ஒரு கதை. காலணா இருந்து பூனைக்கண் இல்லை என்றால் அது இன்னொரு கதை.

இன்னொன்று, பாட்டில். பழைய பாட்டிலை உடைத்துக் குண்டு எடுக்கும் ஆசை பெரியவர்களுக்கும் வருகிறது, 'பழைய காட் பாட்டில் குண்டு' என்று விற்கலாமே என்று. இதைவிட முட்டாள்தனம் இருக்க முடியாது. பாட்டிலுக்குள் இருக்கும் வரை அது என்ன குண்டு என்பதில் யாருக்கும் சந்தேகமே வராது. வெளியே எடுத்த அடுத்த நிமிடம் அது பெயர் தெரியாத பச்சைக் குண்டு. அடையாளத்தை உடைத்துப் போட்டுவிட்டு அடையாளம் கேட்டு அலைவதா?

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, வெளிநாட்டுக் குளிர்பானத்தை விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் அறிவித்தபோது கோலி சோடாவுக்கு ஒரு புது வாழ்வு வந்தது. 2025-ல் 'கோலி பாப் சோடா' என்று பெயர் வைத்து மத்திய அரசின் ஏற்றுமதி அமைப்பான அபெடா துணையோடு வளைகுடாவுக்கும் மேற்கு நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். நல்லது, விற்கட்டும். ஆனால் புதுப் பாட்டில் வந்ததும் கொல்லையில் இருக்கும் பழைய பாட்டில்கள் இன்னும் வேகமாக எடைக்குப் போகும், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேலூரில் கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெண்கலமும் கல்வெட்டும் இருக்கும் அந்த ஊரில் ஒரு மூலையில் பத்து சோடா பாட்டில், ஒரு கையால் சுற்றும் சோடா இயந்திரம், ஒரு கிளேசிங் உருளை, ஒரு டப்பா குண்டு என்று வைக்க அதிகச் செலவு ஆகாது. அது நடக்கும் வரை கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு விரிஞ்சிபுரம் போகிறவர்கள், சிம்ம தீர்த்தம் பார்த்துவிட்டு வெளியே வந்து ஒரு சோடா உடைக்கும்போது, பாட்டிலைத் திருப்பி அதன் மேல் என்ன பெயர் புடைத்திருக்கிறது என்று படித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர், "என்ன தம்பி பார்க்கிற?" என்று கேட்பார். கேட்டால் நல்லதுதான். எந்தக் கம்பெனிப் பாட்டில், எத்தனை வருடமாகச் சுற்றுகிறது என்று அவரிடமே கேட்டு, குடித்து முடித்துப் பாட்டிலைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டு வரலாம்.